சோபாவில் முளைத்த வல்லாரை

கூட்டுறவு நகர் மூன்றாம் தெருவில் வல்லாரை முதலில் முளைத்தது தனசேகர் வீட்டு சோபாவில்தான், அதுவும் அவருடைய அக்கா கோமளா சாவகாசமாக உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்த இடத்தில், பூப்போட்ட உறையைத் துளைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, ஒற்றை இலையாக. கோமளா திரும்பிப் பார்த்தாள், குனிந்து கிள்ளினாள், முகர்ந்தாள். "பாத்தியா வசு, பிள்ளைக்கு வல்லாரை குடுன்னு நான் சொல்லி வாய மூடல, அதுக்குள்ள ஆண்டவனே அனுப்பிட்டான். நாளைக்கே அரைச்சு வெறும் வயித்துல குடு" என்று அதைத் தம்பி மனைவியின் கையில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சோபாவில் கீரை முளைப்பது பற்றி அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வசுமதிக்கும் அப்போது தோன்றியது ஒன்றுதான்: அந்த இலை கையில் சளி மாதிரி வழவழத்தது.

அதற்கு முந்தின நாள்தான் வசுமதியும் தனசேகரும் மகள் ஆதிரையைத் திருச்சிக்கு அழைத்துப் போய் வந்திருந்தார்கள். ஆதிரை ஐந்தாம் வகுப்பு. பார்த்த சினிமாவை இடையில் வந்த விளம்பரம் உட்பட ஒன்று விடாமல் சொல்வாள், பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, எதற்காகப் பேசுவதில்லை, எப்போது மறுபடியும் ஒட்டிக்கொள்வார்கள் என்பதையெல்லாம் பையைக் கழற்றும் முன்பே கொட்டிவிடுவாள், ஆனால் பாடப் புத்தகத்தை விரித்தால் மட்டும் ஒரு வரி கூட அவளுக்குப் பிடி கொடுக்காது. நேற்று எழுத்துக்கூட்டிப் படித்த சொல் இன்றைக்கு முன்பின் பார்த்திராத ஆள் மாதிரி நிற்கும். என்னென்னவோ சோதனை வைத்துப் பார்த்த டாக்டரம்மா, இதற்குப் பேர் டிஸ்லெக்சியா என்றார். "நோய் இல்லம்மா, அதனால மருந்தும் இல்ல. புத்தியில ஒரு குறையும் கிடையாது. எழுத்து இவளுக்கு மெதுவாத்தான் பிடிபடும், அதுக்குன்னு சொல்லித் தர்ற முறை இருக்கு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா செய்யணும். அதுவரைக்கும் பாடத்தை நீங்க வாசிங்க, அவ காதால படிக்கட்டும். இந்த ரிப்போர்ட்டை ஸ்கூல்ல குடுத்து, பரீட்சையில வாயால பதில் சொல்ல விடச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு வாசிக்கச் சொல்றதை உடனே நிறுத்தச் சொல்லுங்க." திரும்பி வரும் பஸ்ஸில் ஆதிரை, "அப்ப நான் மக்கு இல்லையாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை பாடிக்கொண்டே வந்தாள்.

அந்த ரிப்போர்ட்டைத் தனசேகர் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்தார். "ஸ்கூல்ல குடுத்தா ரெக்கார்டுல ஏறிடும் வசு. பொம்பளப் பிள்ள. நாளைப் பின்ன நாலு பேர் நாலு விதமா கேப்பாங்க" என்றார். பள்ளிக்கூடத்துக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை கவலைப்பட்ட மனிதர், மனசு தாங்காமல் தன் அக்காவிடம் மட்டும் சொன்னார். கோமளா, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே தெரு முழுக்கச் சொன்னாள்.

சாவு வீட்டில் துஷ்டி கேட்க வருவது போல வந்தார்கள். கையில் பிஸ்கட் பாக்கெட்டும் ஆப்பிளும் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்த உடனே ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பாதாம் ஊற வைத்துக் கொடு என்றார்கள், அபாகஸ் வகுப்பில் சேர் என்றார்கள், டிவியைப் பிடுங்கிப் போடு என்றார்கள், பேரில் ஒரு எழுத்தைக் கூட்டிப் பார் என்றார்கள், எங்கள் சித்தப்பா பையனும் இப்படித்தான் இருந்தான், தோலை உரித்தார்கள், இப்போது கனடாவில் இருக்கிறான் என்றார்கள். சொன்னது பாதாமோ அபாகஸோ அடியோ, முளைத்தது என்னவோ வல்லாரை மட்டும்தான். சோபாவின் இன்னொரு மூலையில் முளைத்தது, சாப்பாட்டு மேசை நாற்காலியில் முளைத்தது, சுவரில் சாய்ந்து பேசியவரின் முதுகு பட்ட இடத்தில் முளைத்தது, பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்விட்டு வரும் வழியில் ஒரு யோசனை சொன்னவரால் பாத்ரூம் கதவிலும் முளைத்தது.

வசுமதி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். அடுக்கில் இருப்பதையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லி, எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, கடைசியில் ஒரு கர்ச்சீப்கூட வாங்காமல் எழுந்து போகிறவர்களுக்கென்று அவளிடம் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் வந்தவர்களுக்கெல்லாம் சிரித்தாள், காபி கொடுத்தாள், வாசல்வரை வந்து வழியனுப்பினாள், வழியனுப்பிவிட்டு வந்து தரையைத் துடைத்தாள். வல்லாரை சும்மா வருமா, தண்ணீரோடு வந்தது. சோபா பஞ்சு ஊறிப் பாசி நாற்றம் அடித்தது. ஈரத்தைத் தேடி நத்தைகள் வந்தன, தலையணையில் பிசுபிசுப்பாகக் கோடு போட்டன, டூத் பிரஷில் ஏறிச் சுருண்டன, ஒருநாள் சட்னி அரைக்க மிக்ஸி ஜாரைத் திறந்தபோது அடியில் ஒன்று கொம்பை நீட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது. பொறுக்கி வாளியில் போட்டு உப்பைக் கொட்டினால் நுரைத்துக் கரைந்தன. அந்த நுரையைச் சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது, குமட்டலோடேயே புடவையைக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

சாக்கடை அடைத்துக்கொண்ட பிறகுதான் குடியிருப்போர் சங்கம் தலையிட்டது. தலைவர் நமச்சிவாயம் இரண்டு கமிட்டிக்காரர்களோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். "சுகாதாரக் கேடும்மா இது. ஆளை விட்டுப் பிடுங்கிப் போட்டுடலாம்" என்றுதான் ஆரம்பித்தார். போகிற போக்கில், "அது கிடக்கட்டும், பிள்ளைய விடியக்காலம் எழுப்பி விட்டுப் படிக்கச் சொல்லு, எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில், இதுவரை யாருக்கும் முளைக்காத அளவுக்கு, தாமரை இலை மாதிரி விரிந்து ஒன்று நின்றது. நமச்சிவாயம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். "இது சாதாரண கீரை இல்லம்மா" என்றார்.

அது பரீட்சை மாசம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்ணில் தூக்கமில்லாமல் அலைகிற மாசம். இரண்டே நாளில் வாசலில் ஃபிளக்ஸ் கட்டிவிட்டார்கள். மேலே சங்கத் தலைவரும் கமிட்டியும் கும்பிட்டபடி பெரிது பெரிதாக, கீழே ஓரத்தில் யூனிபாரம் போட்ட ஆதிரை, நடுவில் "ஞான வல்லாரை இல்லம்". இலை பறிக்க வந்தவர்களின் வரிசை ஒழுங்காக நடக்க ஒரு அட்டையும் தொங்கியது: குழந்தையிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறித்துக்கொள்ளவும். அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை எதிரில் இல்லாதபோது சொன்னால் இலை சிறுத்து மஞ்சளாக வந்தது. ஆதிரையின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் கொழுகொழுவென்று வந்தது. ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரிசைக்குள் புகுந்து வீட்டுக்குள் வந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

சாயங்காலமானால் ஆதிரை அதில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் அவள் கன்னத்தைத் தட்டி, "மனசு வச்சுப் படிக்கணும், சரியா?" என்பார்கள். "உன் வயசுல எங்க பையன் பேப்பர் படிச்சான்" என்பார்கள். "பாவம், முகத்தைப் பார்த்தா தெரியவே இல்ல" என்பார்கள். சொல்லிவிட்டு நகர்ந்து, முளைத்ததைத் தாங்களே பறித்து, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்குத் துவையல் அரைக்கப் போவார்கள். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் அந்த வாடைதான். வகுப்புப் பரீட்சையில் யாருக்கும் ஒரு மார்க் கூடவுமில்லை, குறையவுமில்லை, ஆனால் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் பறித்துப் போனார்கள்.

ஆதிரைக்கும் காலையில் சாறு, மத்தியானம் துவையல், ராத்திரி தோசை மாவிலேயே கலந்து. கோமளா வந்து பக்கத்தில் நின்று ஊட்டுவாள். முதலில் ஆதிரை வாந்தி எடுத்தாள், பிறகு வாந்தி எடுப்பதையும் விட்டுவிட்டாள். பேச்சையும் விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இன்னமும் தினமும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள், ரிப்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறதே, அவர்களுக்கு எப்படித் தெரியும்? பையைக் கழற்றுவாள், நாற்காலியில் போய் உட்காருவாள், யார் எது சொன்னாலும் "ம்" என்பாள். வசுமதி பயந்தது அதற்குத்தான். வீடு குளமாகப் போகட்டும், நத்தை தலையில் ஏறட்டும், கழுவித் தள்ளிவிடலாம். இந்தப் பிள்ளை பேசாமலே போய்விட்டால் என்ன செய்வது?

தனசேகரிடம் ரிப்போர்ட்டைக் கேட்டாள். அவர் வரிசைக்காரர்களுக்குப் பை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்கு இப்படி ஒரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. "இவ்வளவு நல்லா போயிட்டிருக்கும்போது எதுக்கு அதைக் கிளப்புற?" என்றார். வசுமதிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, இருந்தும் பழைய சிரிப்பைச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். போனவள், அந்தச் சிரிப்பை நினைத்துத் தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாமா என்று நினைத்தாள்.

மறுநாள் வகுப்பில் வாசிக்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. வரிசை அன்றைக்கு இன்னும் தொடங்கவில்லை. வசுமதி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புத்தகத்தை விரித்தாள். ஆதிரை முதல் வரியில் விரலை வைத்தாள், விரல் நகரவில்லை. பின்னிய சடையை ஒதுக்கிவிட்டு வசுமதி, அவளுக்குத் தெரிந்த அத்தனை கனிவோடும், "கொஞ்சம் கவனம் வச்சுப் பாரு கண்ணு, வந்துரும்" என்றாள்.

அவள் கண் முன்னாலேயே, ஆதிரையின் காதுக்குப் பின்னால், தோலை மெல்லப் பிளந்துகொண்டு, ஒரு இலை விரிந்தது.

மூன்று நாலு நாளாகச் சடை பின்னும்போது சீப்பில் இலை சிக்கியது வசுமதிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோபாவில் சாய்ந்ததில் ஒட்டியிருக்கும் என்று எண்ணி உதறிவிட்டிருந்தாள். இலையைப் பிடித்து இழுத்தாள். வேர் வெள்ளை நூலாக நீண்டு வந்தது, நுனியில் ரத்தம் இருந்தது. ஆதிரை தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

"பிடுங்காதம்மா. வலிக்குது" என்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அதுதான். "மத்தவங்க சொல்றதெல்லாம் சோபாவுலதான் முளைக்குது. நீ சொல்றது மட்டும்தான் என் மேல முளைக்குது."

வசுமதி கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பச்சையாக வந்தது. அவள் ஒரு இலைகூடத் தின்றதில்லை, ஆனாலும் பச்சையாகத்தான் வந்தது. இத்தனை நாளும் அவள் அடுத்தவர்கள் மேல் பட்ட அருவருப்பெல்லாம் ஒன்று சேர்ந்து அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது வாசலில் வரிசை சேர்ந்திருந்தது. முன்னால் நின்ற பெண்மணி பையை விரித்து வைத்துக்கொண்டு, "பாப்பா எங்கம்மா? ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"பறிச்சது போதும்" என்றாள் வசுமதி. சிரிக்கவில்லை. "இனிமே யாரும் இந்த வீட்டுல ஒரு வார்த்தையும் சொல்ல வேணாம். போங்க." கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது. திமிர் என்றார்கள், ஊருக்கு உபகாரம் செய்ய மனசு வேண்டாமா என்றார்கள். கோமளா ஜன்னல் வழியாக, "ஏ வசு, உனக்கு என்ன கிறுக்கா?" என்றாள். வசுமதி ஜன்னலையும் சாத்தினாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாடத்தை வாசித்தாள். கவனி என்று சொல்லவில்லை, புரிகிறதா என்று கேட்கவில்லை, வாசித்தாள், அவ்வளவுதான். மழை எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை வாசித்தாள், வேர் எப்படித் தண்ணீர் உறிஞ்சுகிறது என்ற பாடத்தை வாசித்தாள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அவள் உட்கார்ந்த இடத்தில் எதுவும் முளைக்கவில்லை. பிடுங்கிய இடத்தில் மறுபடி தலை நீட்டியிருந்த இலை, யாரும் தொடாமலே வாடி, ஆதிரையின் தோளில் உதிர்ந்தது. வேர் பற்றிய பாடத்தின் நடுவில் ஆதிரை, "அப்ப நத்தைக்கு வேர் இல்லாததாலதான் அது ஊர்ந்து ஊர்ந்து தண்ணியத் தேடுதா?" என்று கேட்டாள். வசுமதிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, பதில் சொல்லும்முன் அதைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்தாள். தனசேகர் குறுக்கே வந்து நின்றார். "ரெக்கார்டுல ஏறிடும்னு சொன்னேன்ல?"

"வாசல்ல ஃபிளக்ஸுலயே ஏத்திட்டீங்க. இதுக்கு மேல எங்க ஏறணும்?"

அவர் வழி விட்டார். அவள் பேச்சுக்காகத்தான் விட்டார் என்று வசுமதி நினைத்தாள். ஆனால் அவர் அந்தக் காகிதத்தையே பார்த்தபடி, "நானும் அந்த வயசுல அப்படித்தான் வசு. படிக்க உக்காந்தா எனக்கு இப்பவும் வரி பிடி கொடுக்காம ஓடும். யாருக்கும் தெரியாது" என்றார். பாங்கியில் படிவம் நிரப்ப இத்தனை வருஷமும் கண்ணாடி மறந்துவிட்டதாக அவர் சொல்லி வந்தது அவளுக்கு நினைவு வந்தது. கோபம் போகவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

தலைமையாசிரியை ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தார். "முன்னாடியே குடுத்திருக்கலாமே. விதி இருக்கு, வாய்மொழியா வைக்கலாம். வகுப்புல எழுப்பி வாசிக்க வைக்கறதையும் நிறுத்தச் சொல்றேன்" என்றார். நல்ல மனுஷிதான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளை கொஞ்சம் முயற்சி பண்ணினா..." என்று இழுத்தார். மேசைக் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து ஈரமாக ஒன்று எட்டிப் பார்த்தது. வசுமதி அதை வேரோடு இழுத்து, தலைமையாசிரியையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். "இது உங்களுக்கு டீச்சர். அரைச்சுச் சாப்பிடுங்க" என்றாள். தலைமையாசிரியை அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு வீட்டில் புதிதாக முளைக்கவில்லை. பழையது அழுகிக் கறுத்தது, அதை வாரிக் கொட்டவே பல நாள் பிடித்தது, நாற்றம் போக அதைவிட அதிக நாள் பிடித்தது. சோபாவைத் தூக்கிப் போட்டார்கள். ஃபிளக்ஸை அவிழ்த்து, கமிட்டியின் முகம் உள்பக்கம் வருகிற மாதிரி, ஸ்கூட்டருக்கு மழை உறையாகப் போட்டாள் வசுமதி. நன்றி கெட்டவள் என்று தெரு அவளோடு பேச்சை நிறுத்தியது. அதைவிடப் பெரிய உபகாரத்தை அது அவளுக்குச் செய்ததில்லை. நாலாம் தெருவில் திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளை ஒன்று இருப்பதாக நமச்சிவாயம் விசாரித்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. சாயங்காலங்களில் வசுமதி கடையிலிருந்து வரத் தாமதமானால் தனசேகர் வாசித்தார், விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி. அவர் தடுமாறும் இடத்தில் ஆதிரை காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரீட்சை அன்று ஆதிரையைத் தனி அறையில் உட்கார வைத்து வகுப்பு டீச்சர் கேள்வி கேட்டார். வசுமதி கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மழைக்கு ஆதிரை பதில் சொன்னாள், வேருக்குப் பதில் சொன்னாள், கேட்டதற்குச் சொல்லிவிட்டுக் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள், டீச்சர் போதும் போதும் என்று அடுத்த கேள்விக்குப் போக வேண்டியிருந்தது.

"கடைசிக் கேள்வி. உனக்குத் தெரிஞ்ச மூலிகை ஒண்ணைச் சொல்லி, எங்க வளரும், என்ன பயன்னு சொல்லு."

"வல்லாரை டீச்சர். எங்கேயும் வளரும். சோபாவுல, நாற்காலியில, பாத்ரூம் கதவுல. யாராவது உக்காந்து புத்தி சொன்னா அந்த இடத்துல வளரும். எதிர்ல பிள்ளை இருந்தா இன்னும் நல்லா வளரும். கூடவே நத்தை வரும், அதைப் பொறுக்கி உப்புல போட்டா நுரைக்கும், அந்த நாத்தம் சீக்கிரம் போகாது. அம்மா சொன்னா மட்டும் காதுக்குப் பின்னாடி வளரும், இப்ப வளர்றது இல்ல."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, பயன்?"

ஆதிரை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சொன்னவங்களுக்கு நல்லா இருக்கும் டீச்சர்."